சிஎன்சி மெஷினில் ஸ்பிண்டிலை (வெட்டும் மோட்டாரை) ஆன் செய்தால் லிமிட் அலாரம் வருகிறது. சென்சாரை மாற்ற வேண்டுமா?

கேட்டவரின் நிலைமை இது: கம்ப்யூட்டர் சொல்படி வெட்டும் சிஎன்சி மெஷின், ஆர்டுயினோ ஊனோ போர்டில் அதை ஓட்டும் மென்பொருளான ஜிஆர்பிஎல் 1.1, அதன் மேல் மோட்டாரும் ஒயரும் இணைக்கிற சிஎன்சி ஷீல்டு வி3 போர்டு, மூன்று அச்சிலும் புதிதாகப் பொருத்திய எண்ட்ஸ்டாப் (அச்சு எல்லையைத் தொட்டதும் சொல்லும் லிமிட் சுவிட்ச் அல்லது சென்சார்). ஸ்பிண்டில் ஓடாதவரை எல்லாம் சரி. ஓடினால் பாதி வேலையில் அலாரம் 1 (ஹார்டு லிமிட், அதாவது எண்ட்ஸ்டாப் தொட்டுவிட்டது என்ற அலாரம்) வந்து மெஷின் நின்றுவிடுகிறது. விற்றவர் சென்சாரை மாற்றச் சொல்கிறார்.

மாற்றாதீர்கள். சென்சார் கெட்டிருந்தால் ஸ்பிண்டில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கெட்டதுதான். அது என்ன, ஸ்பிண்டில் சத்தம் கேட்டால் மட்டும் கெட்டுப்போகிற சென்சார்?

இதே பேச்சை நானும் கேட்டிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு சூடு. எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் இருப்பது கிட்டாக வாங்கிப் பூட்டிய மெஷின். பிளைவுட்டில் பாக்கெட் (பள்ளம்) வெட்டிக்கொண்டிருக்கும்போது அலாரம் அடித்து நிற்கும். ஹார்டு லிமிட்டில் நின்றால் மோட்டார் ஸ்டெப் தவறியிருக்கலாம், இருக்கும் இடத்தை நம்பக்கூடாது, மறுபடி ஹோமிங் (அச்சுகளைச் சுவிட்ச் வரை ஓட்டி ஆரம்ப இடத்தைக் கண்டுபிடிப்பது) செய்துதான் ஆக வேண்டும். வெட்டிய பலகை பெரும்பாலும் குப்பைக்கு. கிட் கொடுத்தவரிடம் போனில் சொன்னால், முதலில் "சென்சார் போயிடுச்சு சார்", அப்புறம் "போர்டு போயிடுச்சு சார்". இரண்டுக்கும் விலை தயாராக வைத்திருந்தார்.

நான் காமர்ஸ் படித்தவன். எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் கீழே வந்து திருத்துவீர்கள், தெரியும், திருத்துங்கள். ஆனால் எது ஓடும்போது வருகிறது, எது ஓடாதபோது வரவில்லை என்று பிரித்துப் பார்க்கப் பட்டம் தேவையில்லை. ஸ்பிண்டிலாக வைத்திருக்கும் ரௌட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதே புரோகிராமைக் காற்றில் ஓட்டினேன்: அலாரம் இல்லை. அச்சு எதையும் அசைக்காமல் ரௌட்டரை மட்டும் ஆன் செய்தேன்: உடனே அலாரம். சுவிட்சை யாரும் தொடவில்லை, மெஷின் நகரவே இல்லை. அப்படியானால் ஒயரில்தான் ஏதோ ஏறுகிறது.

என்ன ஏறுகிறது என்றால், கார்பன் பிரஷ் உள்ள மோட்டார் ஓடும்போது பொறி பறக்கிறதே, அந்த இரைச்சல். போர்டில் லிமிட் பின்னை (எண்ட்ஸ்டாப் ஒயர் வந்து சேரும் காலை) 5 வோல்ட்டில் பிடித்துவைத்திருப்பது சிப்புக்குள் இருக்கும் 20 முதல் 50 கிலோ ஓம் வரையிலான புல்-அப் ரெசிஸ்டர் மட்டும்தான். ரொம்ப சோனியான பிடி. சாதாரணமாகத் திறந்திருக்கும் சுவிட்சை, அதாவது என்ஓ-வை, போட்டால் நீளமான ஒயர் முழுக்க அந்தப் பிடியை நம்பித் தொங்குகிறது. மொட்டைமாடி ஆன்டெனா போல வருகிறதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். ஜிஆர்பிஎல்லோ, அந்தப் பின்னில் ஒரு துடிப்பு வந்தாலே இன்டரப்ட்டில் (ஓடும் வேலையை இடைமறிக்கும் ஏற்பாட்டில்) எல்லாவற்றையும் நிறுத்திவிடும். உண்மையில் சுவிட்ச் அமுங்கியதா என்று நின்று விசாரிக்காது.

இதனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜிஆர்பிஎல்லுக்குக் கேள்விக்குறி அனுப்பி ஸ்டேட்டஸ் பார்த்தேன், லிமிட் எதுவும் காட்டவில்லை, அதனால் ஒயர் சுத்தம் என்று முடிவு கட்டாதீர்கள். துடிப்பு வந்து போகிற நேரம் அவ்வளவு குறைவு. ரிப்போர்ட் எடுக்கும்போது போயே போயிருக்கும். ஜிஆர்பிஎல் செட்டிங்கில் $26-ஐ 250-லிருந்து 500 ஆக்கச் சொல்லும் வீடியோக்களும் இருக்கின்றன. அது ஹோமிங்கின்போது சுவிட்ச் துள்ளுவதற்கான காத்திருப்பு. வெட்டும்போது வருகிற அலாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நான் செய்ததில் பெரிய பலன் தந்தது, என்சி பக்கம், அதாவது சாதாரணமாக மூடியிருக்கும் பக்கம் மாறியது. சாதாரண மைக்ரோ சுவிட்சில் மூன்று கால் இருக்கும்; காமனையும் என்சி-யையும் எடுத்து, ஒன்றைக் கிரவுண்டுக்கும் மற்றதைப் பின்னுக்கும் கொடுத்துவிட்டு, சிக்னலைத் தலைகீழாகப் படிக்கச் சொல்லும் $5=1. இப்போது சும்மா இருக்கும் நேரமெல்லாம் பின் நேராகக் கிரவுண்டோடு கட்டப்பட்டிருக்கிறது, இரைச்சல் எளிதில் அசைக்க முடியாது. ஒயர் அறுந்தாலும் அலாரம் வரும். என்ஓ-வில் அறுந்த ஒயர் வாயே திறக்காது, முட்டிய பிறகுதான் தெரியும். ஒரு எச்சரிக்கை: $5 எல்லா அச்சுக்கும் சேர்த்துத்தான். எக்ஸுக்கு என்சி, இசட்டுக்கு என்ஓ என்று கலக்க முடியாது. சுவிட்சே போடாத அச்சு இருந்தால் அதன் பின்னைக் கிரவுண்டோடு இணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எப்போதும் அமுங்கியதாகவே காட்டும்.

அடுத்தது, லிமிட் ஒயரை ஸ்டெப்பர் ஒயரும் ரௌட்டர் ஒயரும் போகிற அதே கேபிள் செயினில் திணிக்காமல் தனி வழியில் கொண்டுபோனேன். உலோக வலை சுற்றிய ஷீல்டு கேபிள்; அதன் வலையைப் போர்டு பக்கம் மட்டும் கிரவுண்டில் சேர்த்தேன், சுவிட்ச் பக்கம் சும்மா விட்டேன். போர்டு முனையில் ஒவ்வொரு பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக்குக் கிடைப்பது. இதற்கும் அடங்காவிட்டால் பிசி817 போன்ற ஆப்டோகப்ளர் (ஒயர் தொடர்பில்லாமல் ஒளி வழியாக சிக்னலைக் கடத்தும் சிப்) போடலாம். எனக்குத் தேவைப்படவில்லை. வாக்குவம் குழாய் வைத்திருப்பவர்கள் அதில் சேரும் ஸ்டாட்டிக்கையும் சந்தேகப்படுங்கள்.

உங்களுடையது வட்டமான இன்டக்டிவ் சென்சாராக (தொடாமலே உலோகத்தை உணர்வது) இருந்தால் கதை கொஞ்சம் வேறு. எல்ஜே12ஏ3 வகையின் மேலேயே 6–36 வோல்ட் என்று அச்சடித்திருக்கும், ஆனாலும் கிட்காரர்கள் கூசாமல் 5 வோல்ட்டில் மாட்டித் தருகிறார்கள். பழுப்பு ஒயருக்கு 12 வோல்ட், நீலத்துக்குக் கிரவுண்டு. கறுப்பை நேராகப் பின்னில் செருகாதீர்கள். உள்ளே இருக்கும் ரெசிஸ்டர் வழியாக 12 வோல்ட் பின்னுக்கு வரக்கூடும். ஆப்டோகப்ளரோ, சென்சார் பக்கம் கோடு இருக்கும்படி ஒரு டயோடோ நடுவில் வேண்டும். எழுதியிருக்கும் 4 மி.மீ. தூரம் இரும்புக்கு, அலுமினியத்துக்கு அது வெகுவாகக் குறையும். எதிரே ஓர் இரும்பு ஸ்க்ரூ தலையை வைத்தால் போதும்.

"வீட்டில் வைத்து விளையாடுகிற மெஷினுக்கு எண்ட்ஸ்டாப் எதற்கு" என்று ஒருவர் வருவார் பாருங்கள். கரண்ட் போய் வந்த பிறகு அதே ஜீரோவில் வேலையைத் தொடர வேண்டுமானால் எதற்கென்று புரியும். விளையாட்டு என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது. எங்கள் சொந்தக்காரர்களில் கிரகப்பிரவேசம் வைக்காதவர் இல்லை, அத்தனை பேருக்கும் பெயர்ப்பலகை என் தலையில். "சும்மாதானே மெஷின் ஓடுது, பெரியப்பாவுக்கு ஒண்ணு போட்டுக் கொடேன்." தேக்குப் பலகை சும்மா வருகிறதா, பிட் சும்மா வருகிறதா? ஒரு மாமா "ழ" சரியாக வரவில்லை என்று திருப்பியே கொடுத்துவிட்டார். காசு கொடுத்தவர் கேட்டால் பரவாயில்லை. சரி, விடுங்கள்.

இசட்டில் மட்டும் சுவிட்ச் வேலையே செய்யவில்லை என்று கேள்வியின் கடைசியில் போட்டிருக்கிறீர்கள். அதற்கும் சென்சார் காரணம் இல்லை. ஜிஆர்பிஎல் 0.9-லிருந்து ஸ்பிண்டில் வேகக் கட்டுப்பாட்டுக்காக டிஜிட்டல் பின் 11-ஐ எடுத்துக்கொண்டு, இசட் லிமிட்டை 12-க்கு மாற்றிவிட்டார்கள். வி3 ஷீல்டில் அச்சடித்திருப்பது பழைய கணக்கு. இசட் ஒயரை எண்ட்ஸ்டாப் வரிசையிலிருந்து கழற்றி "ஸ்பிண்டில் எனேபிள்" என்று இருக்கும் பின்னில் செருகுங்கள், கிரவுண்டு பழைய இடத்திலேயே இருக்கட்டும்.

அதன்பின் $22=1 போட்டு ஹோமிங். முதலில் இசட் மேலே ஏறும், அப்புறம் எக்ஸும் ஒய்யும். சுவிட்சுகள் இடது முன் மூலையில் இருந்தால், ஹோமிங் திசைக்கான $23=3. முதல் தடவை கை எமர்ஜென்சி பட்டன் மேலேயே இருக்கட்டும்; ஏதாவது அச்சு எதிர்ப்பக்கம் ஓடினால் அந்த அச்சுக்கான எண்ணை (எக்ஸுக்கு 1, ஒய்க்கு 2, இசட்டுக்கு 4) $23-இல் கூட்டவோ கழிக்கவோ செய்யுங்கள். எல்லாம் ஒழுங்கானதும் ஹார்டு லிமிட்டை ஆன் செய்யும் $21=1 போட்டு, ரௌட்டரை மட்டும் பத்து நிமிடம் சும்மா ஓடவிட்டுப் பாருங்கள். அப்போதும் அலாரம் வந்தால் ஒயர் போகிற வழியைப் படம் எடுத்துக் கீழே போடுங்கள், பார்க்கிறேன்.