வாசகர் கேள்வி – பதில்: எச்.ஐ.வி. மருந்து ஆய்வும் இளம் ஆய்வாளர்களும்

கேள்வி: எங்கள் கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்த ஆய்வாளர், நோயாளிகள் திருப்பிக் கொண்டுவரும் மாத்திரைகளை எண்ணி, எடுத்திருக்க வேண்டியதில் 95 சதவீதத்துக்கு மேல் எடுத்ததாகக் கணக்கு வந்தால் ‘ஒழுங்காக எடுப்பவர்’ என்று எழுதுகிறார். அவர்களிலேயே சிலருக்கு வைரல் லோடு (ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு) 1000-ஐத் தாண்டி நிற்கிறது. அவருக்கு ஒரே குழப்பம். எங்கிருந்து சொல்லிக்கொடுப்பது?

பதில்: மருந்து கொடுக்கும் ஜன்னலிலிருந்து தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் அவரைக் கணினி முன்னால் உட்காரவைக்க வேண்டாம். மருந்தாளுநர் பக்கத்தில் நின்று, பதிவேட்டில் ஒரு எண் எப்படி ஏறுகிறது என்று பார்க்கட்டும்.

பிறகு கணக்குக்கு வாருங்கள். தினம் ஒரு மாத்திரை. போன முறை மிச்சம் 4, இம்முறை கொடுத்தது 30. 28-ஆம் நாள் வந்தபோது கையில் இருப்பது 9. ஆக 34-இல் 9 போக, எடுத்தது 25. 28-க்கு 25 என்றால் 89 சதவீதம். பழைய மிச்சத்தைச் சேர்க்க மறந்தால் இதே ஆளுக்கு 75 சதவீதம் என்று வரும். விடை 100-ஐத் தாண்டினால் அதை 100 என்று ‘சரிசெய்து’ எழுதும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். மிச்ச மாத்திரை வீட்டிலேயே இருக்கலாம், அல்லது எங்கோ கொட்டப்பட்டிருக்கலாம். அந்த எண் அதைத்தான் காட்டிக்கொடுக்கிறது.

95 என்ற எல்லைக்கோடு எங்கிருந்து வந்தது என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும். 2000-இல் வெளியான, நூறு பேருக்கும் குறைவானவர்களைக் கொண்ட ஓர் ஆய்விலிருந்துதான் அது பரவியது. அன்றைய புரோட்டியேஸ் தடுப்பான் (வைரஸ் பெருகத் தேவையான ஒரு நொதியைத் தடுக்கும்) மருந்துகளை வைத்துச் செய்த ஆய்வு அது. இன்று பல நாடுகளில் முதல் வரிசை மருந்து டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒற்றை மாத்திரை. இது சில வேளை விட்டாலும் அவ்வளவு எளிதில் கைவிடாது. அதனால் 95-ஐ ஒரு சட்டம்போல் பிடித்துக்கொள்ளாமல், சதவீதத்தை உள்ளபடியே பதிந்துவைக்கச் சொல்லுங்கள்.

எண்ணிக்கை சரி, வைரஸ் குறையவில்லை என்றால் ‘பொய் சொல்கிறார்’ என்று ஆய்வாளர் முடிவுகட்டுவதுதான் எனக்குப் பெரிய கவலை. மாத்திரையை வீட்டில் இன்னொருவரோடு பங்கிட்டிருக்கலாம். மருந்து எதிர்ப்பு வந்து, வைரஸ் அந்த மருந்துக்குக் கட்டுப்படாமல் போயிருக்கலாம். டோலுடெக்ராவிரை வெறும் வயிற்றில் இரும்பு, கால்சியம் மாத்திரைகளோடு சேர்த்து விழுங்கினால் உடம்பில் சேர்வது குறையும். அந்த மாத்திரைகளுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு டோலுடெக்ராவிர் 50 மி.கி. தினம் இரண்டு வேளை தேவை. ஒரு வேளைதான் எழுதப்பட்டிருந்தால் குற்றம் நோயாளியுடையது அல்லவே! இதையெல்லாம் பார்த்து, கவுன்சலிங் கொடுத்து, 3 மாதம் கழித்து மறுபடி வைரல் லோடு எடுப்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழி.

கேள்வி: நேர்காணலில் எல்லாரும் ‘ஒரு வேளைகூட விடவில்லை’ என்றே சொல்கிறார்கள். இளம் ஆய்வாளரை எப்படிப் பழக்குவது?

பதில்: முதலில், மருந்து கொடுப்பவரே கேள்வி கேட்கக் கூடாது. திட்டு விழும், அடுத்த மாத மருந்து தடைபடும் என்று பயப்படுகிறவர் வேறென்ன சொல்வார்?

‘ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?’ என்ற கேள்வியைப் படிவத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். ‘தினமும் மாத்திரை போடுவது நிறையப் பேருக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. போன ஏழு நாள்ல எத்தனை வேளை விட்டுப்போச்சு?’ என்று கேட்கட்டும். விட்டுப்போவது சகஜம் என்பது கேள்வியிலேயே வந்துவிடுகிறது. எண் கிடைத்ததும் அடுத்த கேள்வி ‘ஏன்?’ என்று இருக்க வேண்டாம், அது விசாரணை. ‘கடைசியா விட்ட அன்னைக்கு என்ன நடந்துச்சு?’ என்று கேட்டால் விஷயம் வரும்: பயணச் செலவுக்குப் பணமில்லை, இரவு வேலை, வெறும் வயிறு, டப்பாவைத் தூக்கினால் கலகலவென்று சத்தம் கேட்டு வீட்டில் தெரிந்துவிடுமோ என்ற பயம்.

நோயாளியிடம் அனுப்பும் முன் சக ஊழியர்களை வைத்துப் பத்து ஒத்திகை நேர்காணல் நடத்துங்கள். பதிலைக் கேட்டதும் முகம் சுளிக்கிறாரா, பேனாவை வேகமாக ஓட்டுகிறாரா என்று கவனியுங்கள். இதைப் புத்தகத்தில் படித்துக் கற்க முடியாது, ஒருவர் கூட இருந்து சொல்ல வேண்டும்.

கேள்வி: எங்கள் மாணவி, சிகிச்சையில் இருப்பவர்களில் 90 சதவீதம் பேருக்கு வைரஸ் கட்டுக்குள் இருப்பதாக எழுதியிருக்கிறார். நம்பலாமா?

பதில்: எத்தனை பேர் சிகிச்சை தொடங்கினார்கள் என்று கேளுங்கள். 200 பேர் தொடங்கி, 150 பேர் மட்டும் தொடர்ந்து வந்து, அவர்களில் 135 பேருக்குக் கட்டுப்பட்டிருந்தால் அது 90 சதவீதம். 200-க்கு வகுத்தால் 67.5. காணாமல்போன 50 பேரும் மருந்தை நிறுத்தியவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது: சிலர் வேறு மையத்துக்கு மாறியிருப்பார்கள், சிலர் இறந்திருப்பார்கள். இரண்டு எண்களையும் எழுதச் சொல்லுங்கள். முடிந்தால், ஒப்புதல் தந்திருப்பவர்களை மட்டும், வீட்டாருக்கு நோய் தெரியாதபடி, தேடிப்போய் விசாரிக்க வேண்டும்.

கேள்வி: ஒரே வழிகாட்டி, ஐந்து இளையவர்கள். நேரம் போதவில்லை.

பதில்: ஆளுக்கு வாரம் 30 நிமிடம், மாறாத கிழமை, மாறாத நேரம். முந்தின நாள் அவர் அரைப் பக்கம் அனுப்ப வேண்டும்: என்ன செய்தேன், எங்கே சிக்கினேன், என்ன முடிவு வேண்டும். இரண்டு வாரத்துக்கொரு முறை ஐவரும் சேர்ந்து உட்கார்ந்து, ஒருவருடைய பதிவேட்டிலிருந்து இருபது வரிகளை மூலப் படிவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கட்டுரை வரைவைப் பத்து நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வழிகாட்டியின் மேசையில் மாதக்கணக்கில் தூங்கும் வரைவைப் போல ஓர் இளையவரை ஓய்த்துப்போடுவது வேறில்லை.

கேள்வி: தரவு சேகரித்தது எங்கள் பிள்ளைகள், கட்டுரையில் வெளியூர்ப் பெயர்கள் மட்டும் வருகின்றன.

பதில்: ஆய்வு தொடங்கும் முன்பே ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள். எந்தக் கேள்விக்கு யார் முதல் ஆசிரியர், தரவு எந்தக் கணினியில் இருக்கும், யார் அனுமதி தர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். தரவு சேகரித்தது மட்டும் ஆசிரியர் ஆகப் போதாது என்பது மருத்துவ இதழ்களின் பொது விதி: வரைவில் பங்கெடுத்திருக்க வேண்டும், இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும், அதற்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும். அதனால் வரைவு எழுதும் கூட்டத்துக்கே அந்தப் பிள்ளைகளை அழையுங்கள். முறைகள் பகுதியை அவர்களையே எழுதவையுங்கள். களத்தில் என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் அவர்கள்தானே.