செட்டில்மென்ட் ஆன கடனும் வாங்கப்போகும் காரும்

அன்புள்ள ஐயா,

ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக வேலை பார்க்கிறேன். கொரோனா காலத்தில் சம்பளம் நின்றதால் தனிநபர் கடனுக்குத் தவணை கட்ட முடியாமல், பிறகு பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் கட்டுவதாகச் செட்டில்மென்ட் பேசி முடித்தேன். இப்போது சிபில் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டியதற்கான மதிப்பெண், 590தான். அப்பாவை டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு முறை வேலூர் அழைத்துச் செல்ல ஒரு பழைய கார் வேண்டும். வங்கி மறுத்துவிட்டது. கார் விற்பவர், சிபில் பார்க்காமல் 10 சதவீத வட்டிக்கு 4 லட்சம் ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். மைத்துனரோ தன் பெயரில் கடன் எடுத்துத் தருகிறேன் என்கிறார். எதை ஏற்பது?

ஒரு வாசகர், ஆம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

டயாலிசிஸ் முடிந்து களைத்துப்போனவரைப் பேருந்தில் ஐம்பது கிலோமீட்டர் அழைத்து வருவது எவ்வளவு கொடுமை என்பது எனக்குப் புரிகிறது. ஆகவே கார் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு வழிகளும் வேண்டாம்.

அந்த 10 சதவீதம் பிளாட் வட்டியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். 4 லட்சத்துக்கு ஆண்டுக்கு 40,000 வீதம் ஐந்து ஆண்டுகளில் 2 லட்சம் வட்டி. அசலோடு சேர்த்து 6 லட்சத்தை அறுபதால் வகுத்து மாதம் 10,000 என்பார்கள். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் கடைசித் தவணை வரை முழு 4 லட்சத்துக்கும் வட்டி கட்டுகிறீர்கள். குறையும் அசலின் மீது கணக்கிட்டால் இது 17 சதவீதத்துக்கும் அதிகம். வங்கிகளும் வங்கி சாரா நிதி நிறுவனங்களும் எல்லாச் செலவும் அடங்கிய ஆண்டு வட்டி விகிதத்தை முக்கிய விவர அறிக்கையில் எழுதித் தர வேண்டும் என்பது 2024 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் விதி. அந்தத் தாளைக் கேளுங்கள். தர மறுப்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

மைத்துனரின் மனம் பெரியது. ஆனால் கடன் அவர் பெயரில் என்றால் ஆர்.சி. என்னும் வண்டிப் பதிவுச் சான்றும் அவர் பெயரில்தான் வரும். ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு, நாள்தோறும் ஓட்டப்போகும் உங்களுக்குக் கிடைக்காது. உங்கள் வேலையில் மறுபடி ஒரு தடங்கல் வந்தால், கெடுவது அவருடைய ஸ்கோர். நாளை அவர் வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். தங்கையின் குடும்பத்தையோ மனைவியின் பிறந்த வீட்டையோ இதில் மாட்டிவிட வேண்டாம்.

முதலில் உங்கள் கடன் அறிக்கையைப் பாருங்கள். சிபில் உட்பட, கடன் விவரங்களைத் திரட்டும் நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும். பழைய கடனுக்கு நேரே, மாதவாரியான கட்டங்களில் எத்தனை நாள் தாமதம் என்ற எண்களும், நிலை என்ற இடத்தில் 'செட்டில்டு' என்ற சொல்லும் இருக்கும். கடன் முழுதாக அடைபடவில்லை, தள்ளுபடி செய்து முடித்தார்கள் என்பதே அதற்குப் பொருள். வங்கி தயங்குவது பெரும்பாலும் இந்த ஒரு சொல்லைப் பார்த்துத்தான். அந்தக் கடனைக் கொடுத்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி, விட்டுக்கொடுத்த மீதித் தொகையைக் கட்டினால் கணக்கை 'குளோஸ்டு' என மாற்றுவார்களா என்று கேளுங்கள். சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டி, நிலுவையில்லாச் சான்றிதழையும் பெறுங்கள். பழைய தாமதங்கள் உடனே மறையாது என்றாலும் வங்கி மேலாளரிடம் பேச உங்கள் கையில் ஒரு காகிதம் இருக்கும். அதன் பிறகும் நிலை மாறாவிட்டால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

அதுவரை டயாலிசிஸ் நாட்களுக்கு மட்டும், ஊரில் தெரிந்த ஓட்டுநரிடம் மாதக் கணக்கில் வாடகை பேசிக்கொள்ளுங்கள். மாதம் 10,000 தவணையும், அதற்கு மேல் பெட்ரோலும் இன்சூரன்சும் டயரும் சேர்ந்த செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாங்கும் நாள் வரும்போது 4 லட்சம் கடன் வேண்டாம். கைப்பணத்தைச் சேர்த்து, இரண்டு லட்சத்துக்குள் கடனும் மூன்று ஆண்டுத் தவணையுமாகச் சிறிய வண்டியாகப் பாருங்கள். விற்பவரின் ஆர்.சி.யில் ஹைப்பாத்திகேஷன், அதாவது வண்டி கடனுக்கு ஈடாக இருக்கிறது என்ற பதிவு, இருந்தால், அவருடைய ஃபைனான்ஸ் நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் அந்தப் பதிவை நீக்குவதற்கான, கையெழுத்திட்ட படிவம் 35-உம் வந்து சேரும்வரை முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.