மானியம் வந்த பிறகு மெஷின் வாங்கலாமா?

கேள்வி: மதுரைக்குப் பக்கத்தில் எட்டுப் பேரை வைத்து பிளாஸ்டிக் வாளி, குவளை, டப் செய்யும் சிறிய மோல்டிங் யூனிட் நடத்துகிறேன். காயலாங்கடைகளில் பழைய பிளாஸ்டிக்கை வாங்கி, நானே கழுவி, அரைத்து, குருணையாக்கிப் பயன்படுத்தலாம் என்று நினைக்கிறேன். மெஷின்களுக்கு 40 லட்சம் ரூபாய் ஆகும் போலிருக்கிறது. சுழற்சிப் பொருளாதாரத்துக்கு அரசு மானியம் தருவதாகக் கேள்விப்பட்டேன். எனக்குக் கிடைக்குமா? அது கைக்கு வந்ததும் வேலையைத் தொடங்கலாமா?

பதில்: கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் பணம் வந்ததும் தொடங்கலாம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். நம் ஊரில் தொழில் மானியம் என்பது பெரும்பாலும் கடனை ஒட்டி வருவது. வங்கி கடன் தர வேண்டும், உங்கள் பங்கை நீங்கள் போட வேண்டும், மெஷின் வந்து இறங்க வேண்டும். மானியம் அப்புறம்தான்.

உங்கள் தொழிலுக்கு நேராகப் பொருந்துவது மத்திய அரசின் எம்எஸ்இ ஸ்பைஸ் திட்டம். சிறு தொழில்களை மேம்படுத்த உலக வங்கி உதவியோடு நடக்கும் ராம்ப் திட்டத்தின் ஒரு கிளையாக 2023 டிசம்பரில் அறிவித்தார்கள். சிறு தொழில்களுக்கான சிட்பி வங்கி நடத்துகிறது. பிளாஸ்டிக், ரப்பர், மின்னணுக் கழிவு ஆகிய மூன்று துறைகளில் கழிவை மீண்டும் பொருளாக்கும் சுழற்சி முறைக்கு மாறும் குறு, சிறு நிறுவனங்களுக்கு, இயந்திர மதிப்பில் 25 சதவீதம், அதிகபட்சம் 12.5 லட்சம் ரூபாய் மானியம். 40 லட்சத்துக்கு உங்கள் கணக்கு 10 லட்சம். ராம்ப் 2026-27 வரையிலான ஐந்தாண்டுத் திட்டம். அதனால் இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று சிட்பி கிளையில் கேட்டுவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

தமிழ்நாடு அரசின் மூலதன மானியமும் இருக்கிறது. மாவட்டத் தொழில் மையம் வழியாக வருவது. இதிலும் 25 சதவீதம்தான், ஆனால் உச்சவரம்பு மிகப் பெரியது: 1.5 கோடி. 40 லட்சத்துக்கு இரண்டிலும் ஒரே தொகை வரும். நாளை 60 லட்சத்துக்குப் போனால் மாநிலக் கணக்கில் 15 லட்சம், ஸ்பைஸில் 12.5 லட்சத்தோடு நின்றுவிடும். ஒரே மெஷினைக் காட்டி இரண்டு இடத்திலும் கேட்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பின்னால் சிக்கலாகும். எது உங்களுக்குப் பொருந்தும் என்று தொழில் மைய அலுவலரிடமே கேட்டு ஒன்றை முடிவு செய்யுங்கள். பிஎம்இஜிபி என்ற மத்திய அரசின் மானியக் கடன் திட்டம் பற்றியும் சொல்வார்கள். அது புதிய யூனிட்டுகளுக்கானது. முன்பு அதிலோ முத்ரா என்ற சிறு தொழில் கடன் திட்டத்திலோ கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டியிருந்தால் மட்டும் விரிவாக்கத்துக்கு இரண்டாம் கடன் கேட்கலாம்.

நான் பார்த்தவரை மானியம் தவறிப்போவது தகுதி இல்லாததால் அல்ல, வரிசை தப்புவதால்தான். எனக்குத் தெரிந்த ஒருவர் நல்ல விலைக்குக் கிடைத்ததென்று ஒரு பழைய அரவை மெஷினை ரொக்கம் கொடுத்து வாங்கிப் போட்டுவிட்டு, அதன் பிறகு வங்கிக்குப் போனார். மெஷின் புதிதல்ல, பில் இல்லை, கடன் ஒப்புதலுக்கு முந்தைய கொள்முதல். மூன்றில் ஒன்று போதும், கோப்பு மூடப்பட. அவருக்கு மூன்றும் இருந்தன. எனவே முதலில் விலைப்புள்ளி, அடுத்து கடன் ஒப்புதல், அதற்குப் பிறகுதான் முன்பணம், அதுவும் வங்கிக் கணக்கு வழியாக. மெஷின் வந்ததும் அதன் மேல் அடித்திருக்கும் தகட்டில் உள்ள வரிசை எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று நின்று பாருங்கள். ஆய்வுக்கு வருபவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கையில் எவ்வளவு வேண்டும்? வங்கி உங்களை 25 சதவீதம் போடச் சொன்னால் 10 லட்சம். மெஷினுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, அது 7.2 லட்சம். பின்னால் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் வாங்கும் அன்றைக்குப் பணம் வேண்டும். மானியக் கணக்கில் வழக்கமாக வரியைச் சேர்ப்பதில்லை. 30 லட்சம் கடனுக்குத் தவணையும் மானியத்துக்காகக் காத்திருக்காது. மானியம் ஓராண்டு தாமதமானாலும் தவணை கட்ட முடியுமா என்று போட்டுப் பாருங்கள். முடியாது என்றால் அரவை, கழுவும் தொட்டியோடு மட்டும் தொடங்குங்கள். குருணை மெஷின் அடுத்த கட்டத்தில் வரட்டும். அடமானம் இல்லையே என்று தயங்க வேண்டாம், அடமானத்துக்குப் பதிலாக வங்கிக்கு உத்தரவாதம் தரும் சிஜிடிஎம்எஸ்இ திட்டத்தில் கடன் தரச் சொல்லிக் கேளுங்கள்.

வங்கி மேலாளர் கேட்கப்போகும் நிஜமான கேள்வி வேறு: சரக்கு எங்கிருந்து வரும், எவ்வளவு தேறும்? இதற்குப் பதில் உங்கள் கையிலேயே இருக்கிறது. நீங்கள் வாங்கப்போகும் காயலாங்கடையிலிருந்து அரை டன் எடுத்து, ஏற்கெனவே மெஷின் வைத்திருப்பவரிடம் கூலிக்குக் கழுவி அரைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் வகைகளில் பிபியும் எச்டிபிஇயும் தண்ணீரில் மிதக்கும், பிவிசி அடியில் தங்கும். மண், ஈரம், லேபிள், வேறு பிளாஸ்டிக் எல்லாம் போக மிச்சம் நிற்பதை எடை போடுங்கள். கிலோ 30 ரூபாய்க்கு வாங்கியது கால்பங்கு கழிந்தால், அடக்கம் கூலிக்கு முன்பே 40 ரூபாய். அந்த எடைச் சீட்டுகளைத் திட்ட அறிக்கையோடு இணையுங்கள். பத்துப் பக்க வர்ணனையை விட அதற்கு மதிப்பு அதிகம்.

கழுவும் தண்ணீரை மறந்துவிடாதீர்கள். மோல்டிங்குக்கு வாங்கிய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி கழுவும் பிரிவுக்குச் செல்லாது, புதிதாக வாங்க வேண்டும். அழுக்குத் தண்ணீரைத் தெளியவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் தொட்டியைத் திட்டச் செலவிலேயே சேர்த்துவிடுங்கள். அந்தத் தண்ணீர் பக்கத்து வாய்க்காலில் கலந்தால் நாம் செய்வதற்குப் பெயர் மறுசுழற்சி இல்லை.

மறுசுழற்சியாளராக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் பதிவு செய்தால் இன்னொரு வருமானமும் வரலாம். பேக்கேஜிங் பயன்படுத்தும் நிறுவனங்கள் தங்கள் கழிவுக்கான பொறுப்பை நிறைவேற்றியதாகக் காட்ட, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சான்று வாங்க வேண்டும். நீங்கள் அரைக்கும் பேக்கேஜிங் கழிவுக்கு அந்தச் சான்றை விற்கலாம், வாளியாக உடைந்து வரும் சரக்குக்கு அல்ல. 2025-26 முதல் கெட்டியான பிளாஸ்டிக் பேக்கேஜிங்கில் 30 சதவீதம் மறுசுழற்சிப் பொருள் சேர்க்க வேண்டும் என்ற விதியும் உண்டு. உங்கள் வாளிக்குப் போக மிஞ்சும் குருணையை வாங்க ஆள் இருக்கும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் இணையப் பதிவைத் திறந்து, பிளாஸ்டிக் பொருள் உற்பத்தியோடு கழிவிலிருந்து பொருள் மீட்பு என்ற தொழிலையும் சேர்த்துவிடுங்கள். கட்டணம் கிடையாது. அந்தச் சான்றிதழையும் இரண்டு விலைப்புள்ளிகளையும் எடுத்துக்கொண்டு தொழில் மையத்துக்குப் போங்கள்.