நாலாவது வாட்ச் எது?

கேள்வி: என்னிடம் மூன்று நல்ல வாட்ச் இருக்கின்றன. கறுப்பு டயல் ரோலெக்ஸ் சப்மரீனர், நீல ஒமேகா சீமாஸ்டர் டைவர், அப்புறம் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர். நாலாவதாக ரோலெக்ஸ் ஜிஎம்டி மாஸ்டர் வாங்க ஆசை. அக்கா சென்னையில் இருக்கிறார், அந்த ஊர் நேரமும் கையிலேயே தெரியுமே என்று ஓர் எண்ணம். டிசம்பரில் மகள் கல்யாணம், அதற்குள் வாங்கிவிட வேண்டும். அப்பாவின் பழைய சாவி கொடுக்கிற வாட்ச் ஒன்றும் ஓடாமல் அலமாரியில் கிடக்கிறது. என்ன சொல்கிறீர்கள்?
வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: ஐயா, முதலில் உங்கள் மூன்று வாட்சையும் மேசையில் வரிசையாக வைத்துப் பாருங்கள். மூன்றும் எஃகு, மூன்றும் 40 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ அகலம், மூன்றும் 12 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன். அதில் இரண்டு 300 மீட்டர் ஆழம் தாங்குகிற டைவிங் வாட்ச். டயல் நிறத்தை விட்டால் இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான். ஸ்பீட்மாஸ்டர்தான் கொஞ்சம் தள்ளி நிற்கிறது, 1969இல் நிலாவுக்குப் போன வம்சம் அது. ஆனால் 50 மீட்டர்தான் தாங்கும், அதைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்க வேண்டாம். இப்போது ஜிஎம்டி மாஸ்டரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதுவும் அதே தடித்த எஃகு, அதே சுழலும் வளையம். பெட்டியில் இன்னொன்று கூடும், அவ்வளவுதான். நானும் ஒரு தடவை கையில் ஏற்கெனவே இருந்த மாதிரியே இன்னொரு ஸ்டாப்வாட்ச் வாட்சை ஆசைப்பட்டு வாங்கி, வருஷத்துக்கு நாலைந்து தடவைகூடக் கட்டாமல் நஷ்டத்தில் விற்றவன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சென்னை நேரம் பற்றி ஒரு விஷயம், இதைக் கடையில் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். நமக்கும் சென்னைக்கும் வித்தியாசம் மூன்றரை மணி நேரம். ஜிஎம்டி வாட்சில் இன்னொரு ஊர் நேரத்தைக் காட்ட 24 மணி முள் தனியாக இருந்தாலும் நிமிட முள் ஒன்றே ஒன்றுதான், அதனால் லண்டன், துபாய் மாதிரி முழு மணிக் கணக்கில் வித்தியாசப்படும் ஊர் என்றால் அழகாகக் காட்டும், சென்னை என்றால் அந்த அரை மணியை ஒவ்வொரு தடவையும் நீங்கள்தான் மனசுக்குள் கூட்டிக்கொள்ள வேண்டும். ரோலெக்ஸில் வளையம் ஒரு சுற்றுக்கு 24 கிளிக், அதாவது ஒரு கிளிக் ஒரு மணி. ரோலெக்ஸின் தங்கை நிறுவனமான டியூடரின் பிளாக் பே ஜிஎம்டியில் 48 கிளிக், அதாவது ஒரு கிளிக் அரை மணி. இதில் 24 மணி முள்ளை நம் டர்பன் நேரத்தில் வைத்துவிட்டு வளையத்தை இடப்பக்கமாக ஏழு கிளிக் திருப்பினால், இங்கே காலை 10 ஆகும்போது அந்த முள் 13க்கும் 14க்கும் நடுவில் வந்து நிற்கும். அக்கா வீட்டில் மணி ஒன்றரை. அக்காவுக்காகத்தான் என்றால் டியூடர்தான் உங்களுக்கான வாட்ச், ஆனால் அதை வாங்குவதற்கு முன் சீமாஸ்டரை விற்றுவிடுங்கள்.

சரி, கல்யாணத்துக்கு வருவோம். பட்டுச் சட்டையோ கோட்டோ, முழுக்கைப் பொத்தானைப் போட்டதும் உங்கள் மூன்று வாட்சும் கையோரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும், நாள் முழுக்க இழுத்து இழுத்து விட வேண்டியிருக்கும். உங்களிடம் இல்லாதது மெல்லிசான ஒரு வாட்ச். என் மனசு போவது ஜேகர் லுகூல்த்ர் ரிவர்சோ பக்கம். வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியாவில் போலோ ஆடிய அதிகாரிகளின் வாட்ச் கண்ணாடி ஆட்டத்தில் உடைந்துகொண்டே இருந்ததால், முகத்தை அப்படியே திருப்பி மறைத்துவிடுகிற மாதிரி 1931இல் செய்தது. சாதாரண மாடலில் பின்பக்கம் வெறும் எஃகுத் தகடு. அங்கே மகள் பெயரையும் கல்யாணத் தேதியையும் பொறித்து வைக்கலாம். விற்கப் போனால் விலை குறையும்தான், ஆனால் அதை நீங்கள் விற்கப் போவதில்லை. இன்னும் மெல்லிசு வேண்டும் என்றால் கார்டியே டாங்க். 1917இல் வரைந்த வடிவம், டாங்க் மஸ்ட் பெரிய அளவு ஏழு மில்லிமீட்டரைக்கூடத் தொடாது, பேட்டரியில் ஓடுகிறதை வாங்கினால் ஆறு மாதம் கழித்து எடுத்தாலும் நேரம் சரியாக இருக்கும். இரண்டையும் முழுக்கைச் சட்டையோடு கடைக்குப் போய்க் கட்டிப் பாருங்கள், அரைக்கைச் சட்டையில் போனால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

இரண்டுமே தோல் பட்டையில்தான் பெரும்பாலும் வரும். டிசம்பர் டர்பன் வியர்வையில் தோல் ஒரே சீசனில் நாறிப்போகும், அதனால் ஒரு ரப்பர் பட்டையோ துணிப் பட்டையோ கூடவே வாங்கிவிடுங்கள், தோல் ஜூன், ஜூலைக்கு. தாரை வார்க்கும்போது ஞாபகமாகக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிடுங்கள். பெண்ணின் அப்பா கைமேல்தான் தண்ணீர் விழும், இந்த வகை வாட்செல்லாம் 30 மீட்டர் என்று எழுதியிருந்தாலும் கை கழுவுகிற தெறிப்புக்கு மேல் நம்பக் கூடாது.

காப்புறுதியையும் பார்த்துவிடுங்கள். வீட்டுப் பொருள் பாலிசி இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள், ஒவ்வொரு வாட்சும் தனித்தனியாக, தொடர் எண்ணோடு, வீட்டுக்கு வெளியேயும் செல்லும்படி எழுதியிருக்க வேண்டும். என் நண்பர் ஒருவருக்கு ரோபோட்டில், அதாவது சிக்னல் விளக்கில், காரை நிறுத்தியிருந்தபோது கண்ணாடியை உடைத்து வாட்சைப் பறித்துக்கொண்டு போனார்கள். மதிப்புச் சான்றிதழ் எட்டு வருஷப் பழசு, அதனால் வந்த பணத்தில் அதே வாட்சில் பாதிகூட வாங்க முடியவில்லை. தூரத்திலிருந்தே இன்னது என்று தெரிகிற சப்மரீனரைவிடச் சட்டைக்குள் மறைகிற சின்ன வாட்ச் ரோட்டில் நிம்மதி.

இதற்கெல்லாம் முன்னால் அப்பாவின் வாட்ச். நீங்கள் கேள்வியில் கடைசி வரியில் சொன்னதை நான் முதலில் படித்தேன். அந்தக் காலத்துச் சாவி வாட்ச் அநேகமாகச் சின்னதாக, மெல்லிசாகத்தான் இருக்கும். நீங்கள் தேடுகிற வாட்ச் அதுவாகவே இருக்கலாம். ஓடாததற்குக் காரணம் பல சமயம் உள்ளே எண்ணெய் காய்ந்து இறுகிப்போனதுதான். நீங்களாகச் சாவியைத் திருகிப் பார்க்காதீர்கள், பழைய இயந்திரம் திறந்து வேலை பார்க்கிற ஆளிடம் கொடுங்கள். கேஸை பாலிஷ் போட வேண்டாம், டயலுக்குப் புதுப் பெயின்ட் வேண்டாம் என்று வாயால் சொன்னால் போதாது, ரசீதில் எழுதி வாங்குங்கள். அப்பா கைபட்ட கீறலெல்லாம் அப்படியே இருக்கட்டும். உதிரி பாகம் தேட வேண்டி வந்தால் மாதக்கணக்கில் இழுக்கும், அதனால் இந்த வாரமே கொண்டுபோய்க் கொடுங்கள். அது ஓடி வந்து கையில் ஏறினால் ரிவர்சோவை மகளுக்கு முதல் குழந்தை பிறக்கும்வரை தள்ளிப்போடலாம், பின்பக்கம் பொறிக்க இன்னொரு பெயரும் கிடைத்திருக்கும்.