வாசகர் கேள்வி-பதில்: அணை நீருக்கு முன்னால் தோண்டியவர்கள்

கேள்வி: அணையில் மூழ்கவிருந்த தொல்லியல் இடங்களை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக, ஆய்வு நிறுவனம் தோண்டிக் காப்பாற்றியதாமே? அவசரத்தில் தோண்டினால் சேதம்தானே?

பதில்: சேதம் உண்டு, தோண்டாமல் விட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அமெரிக்காவின் மிசூரி ஆற்றில் 1944 வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி காரிசன், ஃபோர்ட் ராண்டல் முதலிய அணைகள் எழுந்தன. மண்டான், அரிகரா என்ற பூர்வகுடி மக்களின் பழைய மண்வீட்டு ஊர்கள் அந்தக் கரைமேடுகளில்தான் கிடந்தன. 1946-ல் ஸ்மித்சோனியன் தொடங்கிய ஆற்றுப்படுகை ஆய்வுப் பிரிவு 1969 வரை இயங்கியது.

முதலில் கரையோரம் நடந்து பார்த்து இடத்தைப் பதிவார்கள். பிறகு சோதனைக் குழி. முழு அகழாய்வு சில இடங்களுக்கு மட்டுமே. உழவில் கலைந்த மேல்மண்ணை இயந்திரத்தால் வழித்தால், கீழே மரத்தூண் நட்ட குழிகள் கரும்வட்டங்களாகத் தெரியும். நடுவே நான்கு பெரிய வட்டங்களும் அடுப்புச் சாம்பலும் இருந்தால் அது வீடு. இயந்திரத்தின் அலகு கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் வீட்டின் தரையே போய்விடும். மண் காய்ந்தால் வட்டங்கள் மங்கும். ஈரம் இருக்கும்போதே கரண்டியால் சீவிப் படமெடுத்துவிட வேண்டும்.

நீர் நிரம்பிய பிறகும் ஆபத்து ஓய்வதில்லை. மட்டம் ஏறி இறங்க, அலை கரையை அரிக்கிறது. தெற்கு டகோட்டா மாநிலத்தின் குரோ கிரீக் என்ற பழைய ஊரில் 1950-களில் ஒரு பகுதியைத்தான் தோண்டினார்கள். 1978-ல் கரை அரித்து எலும்புகள் வெளிவந்தன. 14-ஆம் நூற்றாண்டில் கொல்லப்பட்ட ஏறக்குறைய 500 பேர், ஊரின் காவல் அகழியிலேயே கிடந்தார்கள்! முந்தைய அகழாய்வில் அவர்கள் தட்டுப்படவே இல்லை.

கேள்வி: அகழாய்வு அறிக்கைகள் வெளிநாடுகளுக்கு எப்படிப் போயின?

பதில்: அதற்கு நூறாண்டுப் பழைய வழி இருந்தது. ஸ்மித்சோனியன் 1848-ல் வெளியிட்ட முதல் நூலே மிசிசிப்பிப் பள்ளத்தாக்கின் பழைய மண்மேடுகளைப் பற்றியது. அதை வெளிநாட்டு அறிவியல் கழகங்களுக்கு அனுப்பி, பதிலுக்கு அவர்களின் வெளியீடுகளைப் பெற்றார்கள். பின்னர் மற்ற அமெரிக்கக் கழகங்களின் பொதிகளையும் ஏற்றார்கள். கழகம் தானே கட்டி முகவரி எழுதி வாஷிங்டனுக்கு அனுப்பும். அங்கே நாடுவாரியாகப் பிரித்துப் பெட்டியில் அடைத்து லண்டன், லைப்சிக் போன்ற ஊர்களின் முகவர்களுக்குக் கப்பலேற்றுவார்கள். பரிமாற்றத்துக்கோ அன்பளிப்புக்கோ மட்டும்தான் இடம் இருந்தது. விற்ற நூல்களை ஏற்கவில்லை. 1867-ல் அரசு வெளியீடுகளிலும் 50 படிகளைப் பிற அரசுகளோடு மாற்றிக்கொள்ள அமெரிக்க காங்கிரஸ் ஏற்பாடு செய்தது. உலகப்போர்களின்போது பாதை அடைபட்டுப் பொதிகள் தேங்கின.

மூழ்கிய ஊரை இனி யாரும் மறுபடி தோண்டிப் பார்க்க முடியாது. அச்சான வரைபடமும் அளவுகளும்தான் சான்று. அதனால், அறிக்கை எழுதாமல் கிடப்பில் போடப்பட்ட ஓர் அகழாய்வை இரண்டாவது அழிவு என்றே சொல்வோம்.

கேள்வி: அந்த அறிக்கைகளை இப்போது படிக்க முடியுமா?

பதில்: ஸ்மித்சோனியனின் இணையக் களஞ்சியத்தில் பல இலவசமாகவே கிடைக்கின்றன. ஊர்ப்பெயரைவிட இட எண்ணால் தேடுங்கள். குரோ கிரீக் என்றால் 39பிஎஃப்11 (39BF11): 39 என்பது அன்றைய 48 மாநிலங்களின் அகரவரிசையில் தெற்கு டகோட்டா, பிஎஃப் என்பது பஃபலோ கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு), 11 என்பது அங்கே பதிவான வரிசை எண். தேடும்போது ஆங்கில எழுத்திலேயே கொடுங்கள். இடைவெளி விட்டும் விடாமலும் பாருங்கள்.