மலைச்சரிவில் அரசுக் கட்டடம்: ஆர்க்கிடெக்ட் பணி பற்றிய கேள்வி பதில்

கே (கோத்தகிரி): மகளுக்கு அரசு ஆர்க்கிடெக்ட் ஆக ஆசை. சிவில் இன்ஜினியரிங் போதுமாங்க?

ப: போதாதுங்க. ஐந்து வருட பி.ஆர்க். வேண்டும். சேர நாட்டா (NATA) என்ற ஆர்க்கிடெக்சர் நுழைவுத்தேர்வு அல்லது ஜேஇஇ இரண்டாம் தாள் எழுதணும். படித்து முடித்ததும் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு. 1972 சட்டப்படி அது இல்லாமல் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியாது. மத்தியப் பொதுப்பணித் துறையின் டெபுடி ஆர்க்கிடெக்ட் பணிக்கு யூபிஎஸ்சி ஆள் எடுக்கிறது.

கே (குன்னூர்): சரிவான இடத்தில் பள்ளிக்கூடம். சமவெளியில் கட்டிய டைப் டிசைனையே (எல்லா ஊருக்கும் பொதுவான மாதிரி வரைபடம்) வைத்தால் என்ன?

ப: அரசுப் பணம் மண்ணோடு போவது இங்கேதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றுக்கு ஒன்று சரிவில் (மூன்று மீட்டர் போனால் ஒரு மீட்டர் இறங்கும்) 15 மீட்டர் அகலக் கட்டடம் என்றால், மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் 5 மீட்டர் வித்தியாசம். பாதி வெட்டிப் பாதி நிரப்பினால் 2.5 மீட்டர் வெட்டு, 2.5 மீட்டர் நிரப்பு. நிரப்பிய மண் மழையில் அமுங்கும். வெட்டும் நிரப்பும் சேரும் கோட்டில் தரையும் சுவரும் விரிசல் விடும். அதையே 7.5 மீட்டர் அகலத்தில் இரண்டு படியாக உடைத்தால் வெட்டும் நிரப்பும் 1.25 மீட்டரோடு நின்றுவிடும். அப்போதும் அஸ்திவாரம் நிரப்பு மண்ணைத் தாண்டி அசல் மண்ணில் உட்காரணும். அரை மீட்டர் உயர இடைவெளியில் நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் கோடுகளாகக் காட்டும் கன்டூர் சர்வே கைக்கு வராமல் வரைபடத்தைத் தொடாதீர்கள்.

அடுத்தது தண்ணீர். தடுப்புச்சுவர் பல இடங்களில் சாய்வது பின்னால் தேங்கும் நீரின் அழுத்தத்தால். சுவருக்குப் பின்னால் 30 செ.மீ. ஜல்லி, 1.5 மீட்டருக்கு ஒரு வடிதுளை, வெட்டுக்கு மேலே சிமென்ட் பூசிய வடிகால். பூசாத வடிகால் நீரை மறுபடி சரிவுக்குள்ளேயே இறக்கும். எஸ்டிமேட்டைக் குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டுப்படுவது இதுதான், விட்டுக்கொடுக்கவே கூடாது.

கே (கேத்தி): இரண்டு படி என்றால் சக்கர நாற்காலியில் வருபவர்கள்?

ப: நல்ல கேள்வி. சாய்தளம் 12க்கு 1. படிகளுக்கிடையே 2.5 மீட்டர் ஏற 30 மீட்டர் நீளம் வேண்டும், இடைத்தளங்கள் தனி. மலைச்சாலை வளைந்து ஏறுவதால் ஒவ்வொரு படிக்கும் அந்தந்த மட்டத்திலேயே சாலையிலிருந்து வாசல் வைக்க வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கே (கூடலூர்): மூன்று மாடி கேட்கிறார்கள்.

ப: நீலகிரியில் உயர வரம்பு 7 மீட்டர். இரண்டு தளத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று, கேட்கும் துறைக்கு முதல் கூட்டத்திலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

கே (ஊட்டி): உறைபனிக் காலத்தில் கான்கிரீட் போடலாமா?

ப: வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் இரவென்றால் காலையிலேயே போட்டு முடித்து, சாக்கும் தார்ப்பாயும் போட்டு மூடுங்கள். பலம் மெதுவாகத்தான் ஏறும். சமவெளிக் கணக்கில் நாள் எண்ணி சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்) பிரிக்கக் கூடாது.