பூசணிக்கு உறைபனி ஆகாது: கொல்லைப்புறம் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில், லீட்ஸ் பக்கம் இருக்கிறாள். வீட்டுக் கொல்லையில் பூசணி போட்டிருக்கிறாள். இரண்டு காய் நன்றாக மஞ்சளாகிவிட்டது, மூன்று இன்னும் பச்சை. செப்டம்பர் கடைசியிலேயே உறைபனி விழும் என்கிறார்களாம். பறித்துவிடலாமா, மூடி வைக்கலாமா?
*வாசகி, சுங்கை சிப்புட்*

மஞ்சளான இரண்டையும் இன்றே பறிக்கச் சொல்லுங்கள். விரல் நகத்தைத் தோலில் அழுத்தினால் இறங்கக் கூடாது. அதுதான் முற்றியதற்கு அடையாளம். கையால் முறுக்கிப் பறிக்க வேண்டாம். கூரான கத்தியால், காயோடு எட்டு, பத்து சென்டிமீட்டர் காம்பு இருக்கும்படி அறுக்க வேண்டும். காம்பு ஒடிந்தால் அந்தக் குழியிலிருந்துதான் அழுகல் தொடங்கும். காம்பைப் பிடித்துத் தூக்கவும் கூடாது.

பச்சைக் காய்கள் முழு அளவுக்கு வந்து லேசாக நிறம் மாறத் தொடங்கியிருந்தால் மூடிக் காப்பாற்றலாம். பிஞ்சாக இருந்தால் அந்தப் பாடு வீண். பூசணி காய்த்து முற்ற ஏறக்குறைய ஐம்பது நாள் வேண்டும். அங்கே அக்டோபரில் அவ்வளவு வெயில் கிடைக்காது. பிஞ்சைப் பறித்துக் கூட்டு வைத்துவிடலாம். கொடி நுனித் தளிரையும் பனிக்கு விட வேண்டாம். இங்கே மலேசியாவில் பாசாரில் (சந்தையில்) கட்டுக்கட்டாக விற்கும் அதே பூச்சோக் லாபுதானே! தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தால் நல்ல லெமாக் குழம்பு.

வானிலை அறிக்கையில் 3 டிகிரி என்று சொன்னால் தப்பித்தோம் என்று நினைக்கக் கூடாது. அங்கே அளவு எடுப்பது தரையிலிருந்து 1.25 மீட்டர் உயரத்தில். மேகமோ காற்றோ இல்லாத இரவில் மண்ணை ஒட்டி அதைவிட மூன்று, நான்கு டிகிரி குறைந்துவிடும். பூசணிக்கொடி படர்வது அங்கேதான். அதனால் 4 டிகிரிக்குக் கீழ் என்று அறிவித்து, வானமும் தெளிவாக இருந்தால், அன்று சாயங்காலம் மூடியே ஆக வேண்டும். மேகமூட்டமோ காற்றோ இருந்தால் அவ்வளவு பயமில்லை.

மூடும் முறையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். துணி செடிக்குச் சூடு தருவதில்லை. பகலில் மண் வாங்கிய சூடு இரவில் மேலே போய்விடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். அதனால் பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூட வேண்டும். நாலு கழி நட்டு, அதன்மேல் பழைய பெட்ஷீட்டோ, அங்கே தோட்டக் கடையில் கிடைக்கும் ஃபிளீஸ் துணியோ போர்த்தி, ஓரம் முழுக்கத் தரையைத் தொடும்படி இழுத்துச் செங்கல் வைக்க வேண்டும். கொடியின் தண்டைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டினால், மண்ணின் சூடு துணிக்கு வெளியே போய்விடும். பிளாஸ்டிக்தான் இருக்கிறது என்றால் இலையில் படவே கூடாது. பட்ட இடம் கருகும்.

அன்று மத்தியானம் மண்ணுக்குத் தண்ணீர் விட வேண்டும், இலைக்கு அல்ல. ஈரமண் காய்ந்த மண்ணைவிட அதிகச் சூட்டைப் பிடித்து வைக்கும். மண்மேல் பரப்பிய வைக்கோலைக் காலையிலேயே ஒதுக்கிவிட்டால் வெயில் நேராக மண்ணில் படும். காய்க்கு அடியில் இருக்கும் வைக்கோல் இருக்கட்டும். மறுநாள் பனி கரைந்ததும் துணியை எடுத்துவிட வேண்டும்.

மெல்லிய ஃபிளீஸ் உள்ளே சுமார் 2 டிகிரிதான் கூட்டிக் காக்கும். மைனஸ் 3 என்று அறிவித்தால் மூடிப் பயனில்லை, எல்லாவற்றையும் அறுத்து உள்ளே கொண்டுவந்துவிடலாம். எங்களைக் கேட்டால், ஒரு பனி இரவுக்குப் பிறகு பத்து நாள் இதமான வெயில் வரும் என்றால் மட்டுமே மூடுவது லாபம். உறையாவிட்டாலும், 10 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் கிடந்த காய் பிறகு வீட்டில் நிற்காது.

தப்பித்தவறிப் பனி பட்டுவிட்டால், இலை கொதிநீரில் போட்டெடுத்த கீரை போலத் துவண்டு, பிறகு கறுக்கும். கொடி போனாலும் காய் போனதாக அர்த்தமில்லை. ஓரிரு நாளில் அறுத்துவிட வேண்டும். தோலில் நீர் கோத்த மாதிரி திட்டு இருந்தால் அந்தக் காய் உறைந்திருக்கிறது. அதைச் சேமிக்க முடியாது. உடனே சமைக்க வேண்டும்.

பறித்த நல்ல காய்களை 27 டிகிரி வாக்கில், ஹீட்டர் உள்ள அறையிலோ வெயில் விழும் ஜன்னலோரத்திலோ பத்து நாள் வைத்தால் தோல் இறுகும். பிறகு 10 முதல் 13 டிகிரி உள்ள உலர்ந்த இடத்தில், ஒன்றோடொன்று படாமல் வைக்கலாம். ஃபிரிட்ஜ் வேண்டாம். பக்கத்தில் ஆப்பிளும் வேண்டாம். அது விடும் வாயு காயைச் சீக்கிரம் கெடுக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பூசணி இலையில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறது. கேமரன் மலைக் குளிர் இறங்கி உறைபனி விழுகிறதா?
*வாசகர், தாப்பா*

இல்லை ஐயா. கேமரன் மலையிலேயே பதிவான மிகக் குறைந்த வெப்பம் 7.8 டிகிரி, 1978 பிப்ரவரி 1 அன்று. அடிவாரத்தில் பேச்சே இல்லை. நீங்கள் பார்ப்பது சாம்பல் நோய், ஒரு பூஞ்சை. விரலால் தேய்த்தால் மாவாக ஒட்டும். அடியிலுள்ள முதிர்ந்த இலைகளை வெட்டி எரித்துவிட்டுக் காற்றோட்டம் விடுங்கள். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, வாரம் ஒருமுறை காலை வெயிலில் இலையின் இரு பக்கமும் தெளியுங்கள். ஆரம்பத்தில் பிடித்தால்தான் கேட்கும். கந்தகத்தூளை உச்சிவெயிலில் தூவாதீர்கள், பூசணி இலை கருகும்.

கேள்வி: மழை தொடங்கினால் காயின் அடி அழுகுகிறது, பிஞ்சில் புழுவும் இருக்கிறது.
*வாசகி, பகாவ்*

அழுகலுக்குக் காயின் அடியில் ஓட்டுத்துண்டோ பலகையோ கொடுத்தால் போதும். சாக்கு வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். புழு பழ ஈயின் வேலை. பூ வாடிப் பிஞ்சு எலுமிச்சை அளவு வருவதற்குள் காகிதப் பையால் மூடி வாயைக் கட்டிவிடுங்கள். ஈ குத்திய பிஞ்சை அங்கேயே வீசாமல், பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி மூன்று நாள் வெயிலில் வையுங்கள். மண்ணில் விட்டால் புழு அங்கேயே கூடு கட்டி, அடுத்த ஈ கிளம்பிவிடும்.